மீன்கள் உயிரோடுதான் இருந்தன

கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் மின்சாரம் கசிந்தால் முதலில் சாவது யார்? உள்ளே நீந்தும் மீனா, வெளியே நின்று கையை விடும் மனிதனா?

மீன்தான் என்று உங்கள் மனம் சொல்லியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். ஒரு பல் மருத்துவமனை முழுக்க அப்படித்தான் சொன்னார்கள். ஒரு சாவு வீடு முழுக்க அப்படித்தான் தலையாட்டினார்கள். படித்தவர், படிக்காதவர், வெள்ளைக் கோட்டு போட்டவர் எல்லோரும் அதில் ஒற்றுமை. அந்த ஒற்றுமையின் விளைவாக ஒருவர் செத்தது எப்படி என்பதே வெளியே வராமல் கிடந்தது. அவரைக் கொன்ற அதே தண்ணீரில் கையை விட அவருடைய மனைவியும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய் நின்றார். நான் சொல்லப்போவது அந்த மனைவியின் கதை.

செத்துப்போனவரை எல்லோரும் மீன் டாக்டர் என்பார்கள். பட்டம் எதுவும் கிடையாது. அலுவலகங்கள், மருத்துவமனைகள், ஓட்டல் வரவேற்பறைகள், வசதியான சில வீடுகள் என்று ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்த மீன்தொட்டிகளைப் பராமரிப்பது அவர் தொழில். பழைய ஸ்கூட்டரின் முன்னால் ஒரு வாளி, வாளிக்குள் ரப்பர் குழாய், வலை, கண்ணாடி சுரண்டும் தகடு. ஸ்கூட்டரின் பின்பக்கம் தொலைபேசி எண்ணை எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு யாராவது கூப்பிட்டு, "மீன் கிலோ என்ன விலை?" என்பார்கள். "எங்க மீன் எல்லாம் பார்க்கத்தாங்க. வாயில வைக்கிற ஐட்டம் இல்ல" என்று பொறுமையாகப் பதில் சொல்வார்.

தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. மீன்கள் நோய் வந்து சாவதைவிட, நாம் தொட்டிக்குள் போடும் பொருளால் சாவதுதான் அதிகம் என்பார். அழகுக்காக வைக்கும் சாயம் பூசிய கற்கள், விளிம்பு கூரான பிளாஸ்டிக் கோட்டைகள், வேண்டுதல்போல யாரோ போட்டுவிட்டுப் போகும் செம்புக் காசு, அறை மணக்க அடிக்கும் ஸ்ப்ரே, சோப்புக் கையோடு உள்ளே விடும் விரல் எல்லாமே அவருக்கு எதிரிகள். பம்பின் வாயில் குட்டி மீன் இழுபட்டுச் சாகாமல் இருக்கப் பஞ்சு கட்டுவார். துள்ளி வெளியே விழாமல் இருக்க மூடிக்கு எடை வைப்பார். புதிதாக எந்தப் பொம்மை வந்தாலும் முதலில் ஒரு துண்டு நைலான் துணியால் மூலைமுடுக்கெல்லாம் தடவிப் பார்ப்பார். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே மீனின் வாலும் சிக்கும் என்பது கணக்கு. சிக்கிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்த பிறகுதான் பொம்மை தண்ணீருக்குள் போகும்.

அந்த நைலான் துணி அவர் மனைவியின் கூடையிலிருந்து வருவது. மனைவி ஒரு ஆயத்த ஆடைக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, வாங்கிய உடைகளை அளவுக்குத் திருத்தித் தருபவர். கையில் எப்போதும் ஊசி, நாக்கிலும் அதேதான். கடையில் அவருக்கு ஊசியக்கா என்று பெயர் வைத்ததற்கு இரண்டுமே காரணம்.

"என் கூடையில கை வச்சீங்களா?" என்பார்.

"ஒரு முழம்தான் எடுத்தேன். புதுசா வந்த கோட்டை வாசல் சொரசொரன்னு இருக்கு. வால் நீளமா இருக்கிற மீனுக்கெல்லாம் கிழிஞ்சுடும்."

"போன வாரம் சமையல்கட்டு அலமாரி ஆணியில என் கை கிழிஞ்சுது. அதை ஒண்ணும் தடவிப் பார்க்கக் காணோமே."

"நீ பெரிய மீன். எப்படியும் தப்பிச்சுக்குவே."

"ஊர்ல இருக்கிற மீனுக்கெல்லாம் காவல். வீட்டுக் குழாய் சொட்டுறது மட்டும் கண்ணுல படாது."

மறுநாள் குழாய் சரியாகியிருக்கும். ஆணி அப்படியே இருக்கும். இப்படியாக நடந்த குடும்பம் அது.

பல் மருத்துவமனைத் தொட்டிதான் அவர் பார்த்ததிலேயே பெரியது. காத்திருப்போர் அறையின் சுவரோரம், இரும்புச் சட்டத்தாலான தாங்கியின்மேல் நீளமாக உட்கார்ந்திருந்தது. பல் வலியோடு வருகிறவர்கள் மீனைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் பயத்தை மறப்பார்கள் என்று பல் டாக்டர் ஆசைப்பட்டு வைத்தது. "என்ன டாக்டர், உங்க பேஷண்டுங்க எப்படி இருக்காங்க?" என்று அவர் கேட்பார். "உங்க ஆளுங்களைவிடப் பரவாயில்ல டாக்டர். சொல்லாமலே வாயைத் திறக்குறாங்க" என்பார் மீன் டாக்டர்.

அந்த அறையில் பகல் முழுக்க ஏசி ஓடும். தண்ணீர் குளிர்ந்துவிடும் என்பதால் உள்ளே ஒரு ஹீட்டர் போட்டிருந்தார்கள். கண்ணாடிக் குழாய்போல, தண்ணீருக்குள் முழுகி நிற்கும் வகை. அது பழசாகிவிட்டது. எங்கோ மயிரிழை விரிசல். அதன் வழியாக மின்சாரம் தண்ணீருக்குள் கசிந்தது, தொட்டி விளிம்பின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இரும்புத் தாங்கிவரை இறங்கியது. இப்படி வழி தவறிய மின்சாரத்தைக் கண்டுபிடித்துக் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிப்பதற்கென்றே ட்ரிப் சுவிட்ச் என்று ஒன்று கட்டடத்தில் உண்டு. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. தட்டென்று விழுந்தது. விழுந்தால் பம்பும் நிற்கும். வேலை நாளில் விழுந்தால் யாராவது தூக்கிவிடுவார்கள். விடுமுறை நாளில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. மருத்துவமனையை மறுபடி திறக்கும்போது காற்றில்லாமல் திணறிச் செத்த மீன்கள் மேலே மிதக்கும்.

மருத்துவமனை நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மேனேஜர். அவர் மீன் டாக்டரைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார்.

"பல்லைப் பிடுங்க வர்றவன் முதல்ல பிணத்தைப் பார்க்கணுமா? இன்னொரு தடவை மிதந்துச்சுன்னா நீங்க வர வேணாம். வேற ஆளு இருக்காங்க."

"ஹீட்டரை மாத்தணும் சார்."

"எப்பப் பார்த்தாலும் எதையாவது மாத்தணும்பீங்க. இப்ப ஆகாது. மீன் சாகக் கூடாது, அவ்வளவுதான்."

ஹீட்டரை மாற்ற மாட்டார்களாம். மீனும் சாகக் கூடாதாம். இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொன்னால் எளிய மனிதன் எதை விட்டுக்கொடுப்பான்? தன்னைத்தான் விட்டுக்கொடுப்பான். மீன் டாக்டர் தன் மனைவியின் தம்பியிடம் போனார். தம்பி ஒயர்மேன். அந்தக் கட்டடத்தின் மின் வேலை முழுவதும் அவர் கையில்தான் இருந்தது.

"மாப்ளே, தொட்டிக்குப் போற லைனை மட்டும் ட்ரிப் சுவிட்ச்சுல படாம நேரா இழுத்து விட்டுடு. கொஞ்ச நாளைக்குத்தான்."

"அது ஆபத்து மாமா."

"யாருக்கு ஆபத்து? அந்தத் தண்ணியில கை வைக்கிறவன் நான் ஒருத்தன்தான். பிளக்கைப் பிடுங்கிட்டுத்தானே வைக்கப்போறேன்."

"ஒரு நாள் மறந்துட்டா?"

"என்னைப் பார்த்தா மறக்குற ஆளு மாதிரியா தெரியுது?"

தம்பி லைனை மாற்றிக் கொடுத்தார். அதன்பிறகு பம்பு நிற்கவே இல்லை, மீன் ஒன்றும் மிதக்கவில்லை. மேனேஜரும் திருப்தி. பாட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றை வைத்திருந்தால் சுவிட்ச்சும் தன் இடத்தில் இருந்திருக்கும், மீனும் பிழைத்திருக்கும். மீனுக்கும் மனிதனுக்கும் நடுவே போட்டியே இருந்ததில்லை. வேண்டாத செலவென்று ஒருவர் கையை விரித்ததால் உண்டான போட்டி அது.

மீன் டாக்டர் மறக்கவும் இல்லை. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவுவதற்கு எப்போதும் நாலு பேர் தயாராக இருக்கிறார்கள். நடந்தது வேறு. தொங்கும் ஒயர்கள் அசிங்கமாக இருக்கின்றன என்று மேனேஜர் அவற்றை மறைத்து ஒரு மரப்பலகை அடித்து, பூட்டும் போட்டுவிட்டார். பிளக் அந்தப் பலகைக்குப் பின்னால். சாவி அவர் சட்டைப் பையில்.

அன்றைக்கு அறையில் காத்திருந்த ஒரு குழந்தை, தலையில் மாட்டும் கம்பிக் கிளிப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டது. தொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் பெரிய மீன் ஒன்று உண்டு. கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டுப் பார்க்கும் குணம் அதற்கு. கிளிப்பைக் கவ்வியது, துப்பியது, மறுபடி கவ்வியது. தொண்டையில் கிளிப் விரிந்துகொண்டால் மீன் அவ்வளவுதான். வரவேற்பு மேசைப் பெண் மேனேஜரைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் எடுக்கவில்லை. "கொஞ்சம் பொறுங்கண்ணே, வந்துடுவாரு" என்றார். மீன் மூன்றாம் தடவை கவ்வியது. இடது கையால் இரும்புத் தாங்கியைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தண்ணீருக்குள் விட்டார் மீன் டாக்டர்.

பல் டாக்டர் கையுறையோடு ஓடி வந்து நெஞ்சை அழுத்திப் பார்த்தார். நியாயமாகச் சொன்னால், அவரால் முடிந்ததை அவர் செய்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "நின்னுட்டே இருந்தாரு, திடீர்னு சாஞ்சுட்டாரு" என்று, அதற்குள் வந்து சேர்ந்து கூடப் போன மேனேஜர் சொன்னார். மாரடைப்பு என்று எழுதினார்கள். ஈரக் கையில் பாய்ந்த மின்சாரம் பல நேரம் தோலில் அடையாளம் வைக்காது. அடையாளத்தைத் தேடவும் யாரும் மெனக்கெடவில்லை.

சாவு வீட்டில் ஒரு பெரியப்பா நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். "கரண்டுன்னு எவனோ புரளியைக் கிளப்புறான். நான் நேர்லயே போய்ப் பார்த்துட்டு வந்தேன். மீனெல்லாம் சொகுசா நீந்துது. கரண்டு இருந்தா அதுல ஒண்ணாவது மல்லாந்திருக்காதா?"

"அதானே" என்றார்கள் சுற்றி இருந்தவர்கள்.

"படுத்துக் கிடக்காம, யாருக்கும் பாரமில்லாம, ஒரு நொடியில போயிட்டான். கொடுத்து வச்சவன். விதி முடிஞ்சா யாரு தடுக்க முடியும்?"

பூட்டிய பலகையும் ஓட்டை ஹீட்டரும் ஒரே சொல்லில் காணாமல் போயின. அந்தச் சொல்லுக்குத்தான் எத்தனை வேலை கொடுக்கிறோம். குற்றவாளி தப்பிக்க வேண்டுமா, விதி. கேள்வி கேட்பவன் வாயை மூட வேண்டுமா, விதி. ஒயர்மேன் தம்பி பின்கட்டில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய டம்ளரையே திரும்பவும் கழுவினார்.

ஊசியக்கா அழவில்லை. அழு என்றார்கள், அழுதால் பாரம் குறையும் என்றார்கள். கேட்டுக்கொண்டார். அழுகை வரவில்லை. துக்கம் வந்ததா என்றுகூட அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. கடைக்குப் போனார், கால்சட்டைகளை மடித்துத் தைத்தார். வாய் மட்டும் திறக்கவில்லை. பக்கத்து இயந்திரத்துப் பெண், "என்னக்கா, ஊசி மொக்கையாயிடுச்சா? எங்களை யாரு திட்டுறது?" என்று சீண்டிப் பார்த்தார். ஊசியக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். விரலில் ஊசி ஏறி, வெள்ளைத் துணியில் சிவப்பாகப் பட்டிருந்தது.

"அக்கா, ரத்தம். வலிக்கலையா?"

"தெரியல" என்றார்.

வீட்டில் கணவரின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

"மீன் டாக்டர் இருக்காரா?"

"இல்ல."

"எப்ப வருவாரு?"

"வர மாட்டாரு."

"அப்ப வேற யாராவது வருவாங்களா? தண்ணி கலங்கிக் கிடக்கு."

"நான் வர்றேன்."

ஏன் அப்படிச் சொன்னார் என்று பின்னால் கேட்டபோது, "அந்த ஆளு பதிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தாரு. ஏதாவது சொல்லணும்ல" என்றார். சொன்னதால் போனார். இத்தனை வருடம் சாப்பிட உட்காரும்போதெல்லாம் காதில் விழுந்த பேச்சு கைக்கு வந்தது. தண்ணீரில் பாதியை மட்டும் மாற்ற வேண்டும், குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, சோப்புக் கை ஆகாது. காலையில் தொட்டி, பிற்பகலில் தையல். பஸ்ஸில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு போனார். வெயில் அடித்தது, மழை பெய்தது. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல இருந்தது.

பல் மருத்துவமனையிலிருந்தும் அழைப்பு வந்தது. கண்ணாடி பச்சைப் பாசி படிந்து, மீனே தெரியவில்லையாம். வரவேற்பு மேசைப் பெண் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். வருகிறேன் என்று ஊசியக்கா சொல்லிவிட்டார்.

தம்பிக்கு இது தெரிந்ததும் ஓடி வந்தார்.

"அங்க மட்டும் போகாதே அக்கா."

"ஏன்?"

"தூரம்."

"பஸ் போகுது."

"அந்த மேனேஜர் ஆளு சரியில்ல."

"யாருதான் சரியா இருக்காங்க?"

"அங்க போனா உனக்கு மாமா ஞாபகமா இருக்கும்."

"இருக்கட்டும். இருந்தா வலிக்குதான்னாவது தெரியும்."

தம்பிக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. மாமா செத்த பிறகு ஒருநாள் அவர் மேனேஜரிடம் போய், லைனைப் பழையபடி மாற்றிவிடுகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். "இப்பப் போய்க் கழட்டினா ஏன் கழட்டினேன்னு கேப்பாங்க. மாட்டப்போறது நீதான். மீன் உயிரோடதானே இருக்கு? நீயா எதையாவது நினைச்சுக்கிட்டுக் குழம்பாதே" என்று மேனேஜர் அனுப்பிவிட்டார். சொன்ன பொய்யை மேனேஜரே பாதி நம்பிவிட்டிருந்தார். தம்பிக்கும் பயம். வேலை போய்விடும், உரிமம் போய்விடும், அக்கா முகத்தில் விழிக்க முடியாது. அவரும் அந்த மீனையே பிடித்துக்கொண்டு தொங்கினார். ஒருவேளை நிஜமாகவே மாரடைப்பாக இருந்தால்? தண்ணீரில் கரண்டு இருந்தாலும் மீன் சாகாது என்பது ஒயர்மேனுக்குத் தெரியாததல்ல. தெரிந்தவனையும் பயம் முட்டாளாக்கும்.

சொன்ன நாளில் ஊசியக்கா மருத்துவமனைக்குப் போனார். காலை வேளை. நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ஊசி போட்டு ஈறு மரத்துப்போவதற்காக வெளியே உட்கார வைத்திருந்த ஒருவர், தன் கன்னத்தைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியக்கா அவரைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு வாளியைக் கீழே வைத்தார். தொட்டி மூடியை எடுத்துச் சுவரில் சாய்த்தார். பலகைக்குப் பின்னால் பிளக் இருக்கிறது, அதைப் பிடுங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. வழுக்காமல் இருக்க இடது கையால் இரும்புத் தாங்கியைப் பிடித்துக்கொண்டார். சட்டையின் வலது கையைச் சுருட்டினார்.

"அக்கா, கையை எடு."

தம்பி வாசலில் நின்றிருந்தார். வேறொரு கட்டடத்தில் ஏணிமேல் நின்றவர், பாதி வேலையில் இறங்கி வந்திருக்கிறார். முகமெல்லாம் சுண்ணாம்பு.

"என்னடா, உனக்கு வேலை இல்லையா?"

"இருக்கு. நீ தள்ளி நில்லு."

"ஏன்?"

தம்பி சட்டைப் பையிலிருந்து, கரண்டு இருக்கிறதா என்று காட்டும் டெஸ்டரை எடுத்தார். அதன் நுனியைத் தண்ணீரில் வைத்து, மேல்முனையில் விரலை வைத்தார். உள்ளே சிவப்பாக விளக்கு எரிந்தது. ஆரஞ்சு மீன், சாப்பாடு வந்துவிட்டதென்று நினைத்து, டெஸ்டரின் நுனியை வந்து முகர்ந்தது.

ஊசியக்கா அந்த விளக்கையே பார்த்தார்.

"மீன் உயிரோட இருக்கே" என்றார். கேள்விபோலக்கூட இல்லை.

"இருக்கும்க்கா. கரண்டு ஒரு பக்கமா உள்ள வந்தா இன்னொரு பக்கமா வெளிய போகணும். கம்பியில குருவி உக்காந்திருக்குல்ல, அதுக்கு என்ன ஆகுது? ஒண்ணும் ஆகாது. மீனும் அப்படித்தான், அதுக்கு வெளிய போற வழி இல்ல. மாமா ஒரு கையால ஸ்டாண்டைப் பிடிச்சுட்டு இருந்தாரு, அது வழியா கரண்டு தரைக்கு இறங்கிடுச்சு. உன்னை மாதிரி."

ஊசியக்கா தன் இடது கையைப் பார்த்தார். மெதுவாக விரல்களை எடுத்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"லைனை மாத்திக் கொடுத்ததே நான்தான்."

"யாரு சொல்லி?"

"மாமா சொல்லி. மீன் செத்தா வேலை போயிடும்னு சொன்னாங்களாம்."

கன்னத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தவர் எழுந்து, மரத்த உதடு ஒரு பக்கம் தொங்க, "ஹரண்டா? ஹண்ணியிலயா?" என்றார். பக்கத்திலிருந்த பெண் தன் குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். "இங்க என்ன கூட்டம்? யாருய்யா டெஸ்டரை விடச் சொன்னது? அது பழைய டெஸ்டரா இருக்கும். மீனைப் பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கு."

"சரி சார்" என்றார் ஊசியக்கா. "மீன் நல்லாத்தான் இருக்கு. ஸ்டாண்டை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையை உள்ள விடுங்க."

குரல் உயரவில்லை. கடையில் வாடிக்கையாளரிடம், கையைத் தூக்குங்க, அளவெடுக்கணும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். மேனேஜர் தன் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். எந்த நீதிமன்றமும் அதைவிடத் தெளிவான வாக்குமூலத்தை வாங்கியிருக்க முடியாது.

"லைனை மாத்தச் சொன்னது உன் புருஷன்" என்றார் மேனேஜர். "மாத்தினது உன் தம்பி. எங்களை எதுக்குக் கேக்குறே?"

"மீன் செத்தா வர வேணாம்னு சொன்னது யாரு?"

அதற்குள் பல் டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தார். விளக்கு எரியும் டெஸ்டரைப் பார்த்தார், தாங்கியைப் பார்த்தார். அன்றைக்கு இதே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தவர் அவர். "சாவியைக் கொடுங்க" என்றார் மேனேஜரிடம். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மெயின் சுவிட்ச்சை அணைத்தார்கள். விளக்கு, ஏசி, உள்ளறையில் பல்லைக் குடையும் இயந்திரம், தொட்டியின் பம்பு எல்லாம் ஒருசேர நின்றன. தம்பி பலகையைத் திறந்து லைனைப் பழைய இடத்தில் கோர்க்க ஆரம்பித்தார். தொட்டியில் மேலே வரும் குமிழிகள் நின்றுவிட்டன. கொஞ்ச நேரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்தன.

ஊசியக்கா வாளியிலிருந்த குவளையை எடுத்தார். தொட்டித் தண்ணீரையே மொண்டு, கையை உயர்த்தி, மேலிருந்து திரும்பத் தொட்டிக்குள் ஊற்றினார். விழுகிற தண்ணீர் காற்றை உள்ளே கொண்டுபோகும். மின்சாரம் போன நாளில் அவர் கணவர் செய்வது அது. மொண்டு ஊற்றினார், மொண்டு ஊற்றினார். கண்ணில் எதுவும் இல்லை.

வேலை முடிந்து மெயினைப் போட்டார்கள். ட்ரிப் சுவிட்ச் தட்டென்று விழுந்தது. தூக்கினார்கள், விழுந்தது. தம்பி ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிய பிறகு தூக்கினார்கள், நின்றது. வெளியே எடுத்த ஹீட்டரை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடிப்பக்கத்தில் பழுப்பாக ஒரு கீறல். மயிர் ஒட்டியிருப்பதுபோல. அவ்வளவுதான் அது.

"அக்கா, பம்ப் ஓட ஆரம்பிச்சுடுச்சு. போதும்க்கா" என்றார் வரவேற்பு மேசைப் பெண். ஊசியக்கா காதில் அது விழவில்லை. மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். தம்பி வந்து குவளையை வாங்கி வைத்தார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். ஊசியக்கா கேட்டார்.

"இது மாதிரி இன்னும் எங்கெல்லாம் பண்ணிக் கொடுத்தே?"

தம்பி சொன்னார். ஒரு ஓட்டல், ஒரு வங்கி, ஒரு பள்ளிக்கூடம். எல்லா இடத்திலும் அதே கதை. சுவிட்ச் விழுகிறது, மீன் சாகிறது, பராமரிக்கிறவர்மேல் பழி வருகிறது, ஒயர்மேனைக் கூப்பிடு.

அன்றே ஓட்டலுக்குப் போனார்கள். விருந்தாளிகள் இல்லாத நேரம் பார்த்து முடித்துக்கொள்ளச் சொல்லி அங்கே உள்ளே விட்டார்கள். வங்கியில் அனுமதி வாங்க அலைந்து, ஒரு வழியாக முடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாசலோடு நிறுத்தினார்கள். "எங்க தொட்டியில ஒரு மீன்கூடச் சாகல. எல்லாம் நல்லாத்தானே இருக்கு? நீங்க எதுக்கு வந்து கிளறுறீங்க?" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். மறுபடி போனபோது, லீவு விடட்டும் என்றார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஜன்னல் வழியே தெரிந்தது. மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடி வந்து தொட்டியைச் சுற்றி நின்று, இரும்புத் தாங்கியில் ஏறி எட்டிப் பார்த்தார்கள்.

பல் மருத்துவமனையில் இப்போது தொட்டி கிடையாது. மீன்களை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அந்தச் சுவரில் ஒரு டிவி இருக்கிறது. அதில் மீன்கள் நீந்துகின்றன. மேனேஜர் அதே நாற்காலியில் இருக்கிறார். இறப்புச் சான்றிதழில் இன்னும் மாரடைப்பு என்றே இருக்கிறது. தம்பி தன் கையாலேயே நடந்ததை எழுதிக் கொடுத்திருக்கிறார். பல் டாக்டரும் தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். விசாரணையில் இருக்கிறது என்கிறார்கள். விசாரணையில் இருப்பதாகச் சொல்லப்படும் விஷயங்கள் எங்கே போய்ப் படுத்துக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

தம்பியை மன்னித்துவிட்டீர்களா என்று ஊசியக்காவிடம் கேட்டேன். கையிலிருந்த நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, "அதெல்லாம் தெரியல. அவன்தான் கூட வர்றான்" என்றார். இன்றுவரை அவர் அழவில்லை. காலையில் தொட்டி, பிற்பகலில் தையல். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தம்பியோடு பள்ளிக்கூட வாசலுக்குப் போகிறார். இன்னும் உள்ளே விடவில்லை.

அந்த வாசலில் அவர்களால் முடியாதது உங்களால் முடியும். உங்கள் பிள்ளை படிக்கும் இடத்தில், நீங்கள் வேலை செய்யும் இடத்தில், வைத்தியத்துக்குப் போகும் இடத்தில் ஒரு மீன்தொட்டி இருக்கும். நாளைக்குப் போனதும் பொறுப்பில் இருப்பவரை எழுப்பி மின்பெட்டிக்குக் கூட்டிப்போங்கள். ட்ரிப் சுவிட்ச்சில் சோதிப்பதற்கென்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை உங்கள் கண் முன்னால் அழுத்தச் சொல்லுங்கள். சுவிட்ச் விழ வேண்டும். அதோடு தொட்டியின் பம்பும் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், மீன்கள் எவ்வளவு அழகாக நீந்தினாலும் சரி, பிளக்கைப் பிடுங்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.